தண்ணி காணாத எஞ்சின்

கொழும்பில் வாங்கி வந்த பழைய கார் நாலாம் நாளே கொக்கட்டிச்சோலை வீதியில் நின்றுவிட்டது. கட்டியிழுத்துக் கொண்டுபோய் நிலோஜனின் கராச்சில் விட்டார் சிவபாதம்.

"இந்தப் பக்கத்துக் கார் எண்டா வெள்ளத்துக்க நிண்டிருக்கும் தம்பி. அதுக்குத்தான் கொழும்பு வரைக்கும் போய் வாங்கினன்."

நிலோஜன் பொனட்டைத் திறந்து குனிந்து பார்த்தான்.

"கார் நல்லம் அண்ணன். எஞ்சின்தான் இந்தக் காரிட இல்ல. வேற ஒண்டில கழட்டிப் பூட்டியிருக்கானுகள். வெள்ளத்துக்க கிடந்த எஞ்சின், இடுக்கெல்லாம் சேறு."

சிவபாதத்துக்குக் கொதித்தது. "தண்ணி காணாத எஞ்சின் எண்டு தரகன் சத்தியம் பண்ணினானே!"

"தரகன் என்னத்தக் கண்டான்? அவனுக்கு வித்தவன் அப்படிச் சொல்லியிருப்பான்."

"அப்ப அவன்தான் பெரிய கள்ளன். வெள்ளத்தில மூழ்கின காரைக் கழுவித் துடைச்சு அடுத்தவன்ட தலையில கட்டுறவன் எல்லாம் மனிசனா? சோறுதான் திங்கிறானா? வெக்கங்கெட்ட நாய்!"

நிலோஜன் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எஞ்சினை அழுத்தித் துடைத்தான். சேறு கரைந்த இடத்தில், ஆணியால் கீறிய ஒரு 'உ' தெரிந்தது.

"உங்கட பழைய காருக்குப் பூசை வச்ச அண்டைக்கு, எஞ்சினில பிள்ளையார் சுழி போடோணும் எண்டு என்னட்டத்தானே ஆணி வாங்கினீங்க?"

சிவபாதம் குனிந்து பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான்.

"வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் காரைக் கொழும்புத் தரகனுக்கு வித்தீங்க. தண்ணி காணாதது எண்டு சொல்லித்தானே?"

சிவபாதம் பொனட்டை இழுத்து மூடப் போனார்; நிலோஜன் தடுத்தான்.

"அந்த நாயை இன்னொருக்கா ஏசுங்க அண்ணன். பிள்ளையாரும் கேக்கட்டும்."