மரியாதைக்கு ஒரு வசனம்

“லைஹுன் எண்டால் கூப்பன். வுன் எண்டால் மாத்திறது. யின்கம், காசு. எங்கை, சேர்த்துச் சொல்லு பாப்பம்.”

“லைஹுன் வுன் யின்கம்” என்றான் சீமோன், கோப்பை கழுவியபடியே.

வெக்ஸ்போர்ட்டில் இருந்த அந்தச் சீன உணவகத்தில், சமையல்காரன் விங்குக்கும் சீமோனுக்கும் பொதுமொழி அரைகுறை ஆங்கிலம்தான். விங் நடத்தும் கன்ரனீஸ் மொழிப் பாடம் அன்றுதான் தொடங்கியது. 1986 சீனப் புத்தாண்டுக்கு முதலாளி ஆளுக்கொரு கேக் கடைக் கூப்பன் கொடுத்திருந்தார். முப்பது டொலர். சீமோனுக்குக் கேக் வேண்டாம், காசு வேண்டும். விசா அலுவலாக மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகவேண்டிய மனைவி எமில்டா, அவன் அனுப்பும் காசுக்காகக் காத்திருந்தாள். அவளைப் பார்த்து இரண்டரை வருடம்.

“என்ரை கூப்பனையும் கொண்டு போய் மாத்து. காசு உனக்குத்தான். நான் அந்தப் பக்கம் போறேல்லை” என்றான் விங். “கடைக்கார மனிசி கொஞ்சம் கடுமை. மாட்டன் எண்டால், மரியாதைக்கு இன்னொரு வசனம் இருக்கு.”

அந்த வசனம் நீளம். ‘நெய் கோ சாய் ஹோ ஹோ, ம்சாய் குவாஜூ.’ கேக் கடை இருந்த அஜின்கோர்ட் வரை பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனான் சீமோன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

கடையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. கூப்பன்களை நீட்டி முதல் வசனத்தைச் சொன்னான். முடியாது என்று தலையாட்டினாள். இரண்டாவதைச் சொன்னான்.

அவள் அப்படியே நின்றாள். திரும்பச் சொல் என்று கையைக் காட்டினாள். சொன்னான். மூன்றாம் முறையும் சொல்லவைத்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அறுபது டொலரை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

மறுநாள் சமையலறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சீமோன் கேட்டான்.

“காசு கிடைச்சிட்டுது, விங். ஆனா அந்த மனிசி அழுதிட்டா. நான் ஏதும் பிழையாய்ச் சொல்லிப்போட்டனோ?”

விங் அடுப்பை அணைத்தான்.

“இல்லை, சரியாய்த்தான் சொல்லியிருக்கிறாய். ‘உங்கடை மகன் நல்ல சுகமாய் இருக்கிறான், கவலைப்படாதேங்கோ’ எண்டு.” ஈரக் கையைத் துணியில் துடைத்தான். “நாலு வருசமாய் எங்களுக்குள்ளை கதை பேச்சில்லை, சீமோன்... அம்மா மெலிஞ்சு போனாவோ?”