சட்டிச் சோறு

பொரித்த மீனைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அவர் அடுப்பை அணைத்தார்.

எண்ணெயை வடித்தார். இரும்புச் சட்டியின் அடியில் சாளை மீனிலிருந்து உதிர்ந்த மசாலா சிவந்து ஒட்டிக் கிடந்தது. கூடவே முறுகிப்போன கறிவேப்பிலை.

அதில் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டுப் பிரட்டினார்.

கல்யாணத்துக்கு முன்பு, தனி அறையில் தங்கிச் சமைத்துத் தின்ற நாளில் வந்த பழக்கம். நின்றபடி, சட்டியிலிருந்தே தின்ன வேண்டும்.

"தட்டுல வச்சுத் திங்கதுக்கு என்ன?" என்று மனைவி ஜெபமணியும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதற்கு முன்பு இந்த வீட்டில் மீன் பொரித்து நான்கு மாதம் ஆகிறது.

காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மகள் பிரிசில்லா வந்து நின்றபோது அவள் முகம் சின்னதாகியிருந்தது. பரீட்சைக் களைப்பு என்று நினைத்தார்கள். அவள் சாப்பாட்டையே விட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே யாரோ அவள் உடம்பைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

மணிக்கட்டில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறியது.

கெஞ்சினார்கள். அதட்டினார்கள். ஜெபமணி உபவாசம் இருந்து ஜெபித்தாள்.

வீட்டில் சாப்பிடாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

வாரம் ஒருமுறை பிரிசில்லாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசும் டாக்டரம்மா, ஒருநாள் இவர்களையும் உள்ளே கூப்பிட்டார்.

"அவ தட்டப் பாக்காதீங்க. சாப்பிடுன்னு சொல்லாதீங்க. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போல சமைச்சுச் சாப்பிடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

போன மாதம் அவள் அரைத் தோசை சாப்பிட்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னொண்ணு ஊத்தட்டுமா மக்கா?" என்று கேட்டுவிட்டார்.

கையிலிருந்த விள்ளலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீர்தான்.

ஜெபமணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில் சாளையைப் பார்த்தார். வாங்கிவிட்டார்.

முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

ஜெபமணி என்றால் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுகிறவள்.

அவர் திரும்பவில்லை.

இரண்டாவது கவளத்தை உருட்டினார். உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. மென்றார்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு போர்வை காய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட போர்வை. ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது.

சட்டியின் விளிம்பில் வளையல் 'டிங்'கென்று பட்டது. இரண்டு விரலால் கொஞ்சம் சோற்றை எடுத்துக்கொண்டு கை போய்விட்டது.

போர்வையில் மொத்தம் எத்தனை கட்டம் என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

கை மறுபடியும் வந்தது. இந்தமுறை மூன்று விரல்.

அவர் அரையடி தள்ளி நின்றார். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு இடம் விடுவதுபோல, அவ்வளவுதான்.

அவள் அந்த இடத்தில் வந்து நின்றாள்.

இருவரும் ஒரே சட்டியில் தின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கறிவேப்பிலை நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் வாயில் கறிவேப்பிலை இல்லை.

கூடத்தில் செருப்புச் சத்தம் எழுந்தது. சமையலறை வாசல் வரை வந்தது.

நின்றது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். 'ஒண்ணும் சொல்லிராத ஜெபமணி. ஒண்ணும் கேட்டிராத.'

செருப்பைக் கழற்றும் ஓசை லேசாகக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தெருவாசல் கதவு மட்டும் மெல்லத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

சோறு தீர்ந்துகொண்டிருந்தது. அடியில் தீய்ந்து ஒட்டிய கொஞ்சம்தான் மிச்சம். சட்டியிலேயே ருசியான இடம் அது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் கை தானாகக் கரண்டியை எடுத்துச் சுரண்டப் போனது.

"ப்பா, அது எனக்கு."

அவர் கை அப்படியே நின்றது.

அவள் அவர் விரல்களிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். முன்பெல்லாம் பிடுங்குவதுபோலவே, முழங்கையால் அவரை ஒரு இடி இடித்து.

"சரி" என்றார்.

இரும்பில் கரண்டி சுரண்டியது. அழுத்தி, விடாமல்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, போர்வைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பதறிய குரல் கேட்டது.

"யக்கா, என்னாச்சு? ஏன்க்கா இப்பிடி அழுறிய?"

கழுவ எதுவும் இல்லாத தொட்டியில் அவர் குழாயை முழுவதும் திறந்துவிட்டார்.