கண் மட்டும் பாக்கி

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு உருவப்படத் தேர்வு. வழக்கமான மாடல் வராததால், பேராசிரியர் துரைக்கண்ணு வேன் ஸ்டாண்டிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். மாணவி ஜெசிந்தாவின் கையில் கரிக்கோல் முறிந்தது. போன வருடம் அவள் கண்ணெதிரே தம்பியை வேனால் இடித்துவிட்டு நிற்காமல் போனவன் இவன்தான். போலீஸ் எவ்வளவோ கேட்டும் அந்த முகத்தை அவளால் வாயால் சொல்ல முடியவில்லை.

இப்போது அது தாளில் தானாக வந்தது. இடைவேளையில் அவன் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து அவளருகில் நின்றான்.

"அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கீங்க. கண்ணு மட்டும் ஏம்மா போடல?"

"கடைசியாப் போடுவேன். என் தம்பிகிட்ட காட்டணும்."

"தம்பியும் படம் வரைவாரா?"

"இல்ல. பாலத்துக்கிட்ட ஒரு வேன் இடிச்சதுல இருந்து படுக்கையில இருக்கான்."

அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சார், மாடல் அசைஞ்சுட்டார்" என்றாள் ஜெசிந்தா.

பேராசிரியர் அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினார். அந்தக் கண்கள் ததும்பியிருந்தன. எதிரில் இருப்பதை இருக்கிறபடியே வரைய வேண்டும் என்பது தேர்வின் விதி. அவள் கரியைத் தாளருகே கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.