உப்புக் கிண்ணம்

தான் எழுதிய புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அவராலேயே நம்ப முடியவில்லை. பல வருஷமாக.

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு, அந்தந்த ஊரின் சமையல் வழக்கங்களை எழுதுகிறவர். அந்தப் பக்கம், ஒரு துறைமுக ஊரின் சின்னச் சாப்பாட்டுக்கடையைப் பற்றியது.

அன்று மீன் சூப்பை ஒரு வாய் வைத்ததுமே முகம் கோணிவிட்டது. துளி உப்பில்லை.

கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடிவந்தார். மேஜை நடுவில் இருந்த உப்புக் கிண்ணத்தை இவர் பக்கம் நகர்த்தினார்.

"எங்க ஊர் வழக்கம் சார். சமையல்ல உப்பே போடமாட்டோம். சமைச்ச கையும் சாப்பிடற கையும் சேர்ந்தாத்தான் சாப்பாடு முழுசாகும். உங்க கையாலயே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். அப்புறம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த வார்த்தைகளை அப்படியே எழுத, படித்தவர்கள் உருகிப்போனார்கள். இவருக்குத்தான் உறுத்தல். எத்தனையோ துறைமுக ஊர்களில் சாப்பிட்டாயிற்று, இப்படி ஒரு வழக்கம் வேறெங்கும் கண்ணில் படவில்லையே? அழகான பேச்சைக் கேட்டதும் விசாரிக்காமல் வாயைப் பிளந்துவிட்டோமோ?

இப்போது புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தை வைப்பதா, எடுப்பதா? அந்த ஊருக்கே பஸ் ஏறிவிட்டார்.

முதலில் அந்தச் சாப்பாட்டுக்கடைக்குப் பக்கத்து ரொட்டிக்கடையில் விசாரித்தார்.

"உப்புப் போடாத வழக்கமா? எங்க ஊர்லயா?" ரொட்டிக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாவு பறந்தது. "நாங்க என்ன நோயாளிங்களா சார், பத்தியம் சாப்பிட? யாரு உங்க காதுல பூ சுத்தினது?"

"பக்கத்துக் கடைக்காரர்தான்."

சிரிப்பு பட்டென்று நின்றது. "அவரா? அப்ப அவரையே கேட்டுக்குங்க" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவருக்கு ரத்தம் கொதித்தது. நன்றாகத்தான் ஏமாந்திருக்கிறோம். இன்றைக்கு நேருக்கு நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான், 'எதுக்கய்யா எங்கிட்டப் பொய் சொன்னே?' என்று.

கடைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், சுவரில், சட்டம் போட்ட கண்ணாடிக்குள் இவர் புத்தகத்தின் அதே பக்கம்!

ஓகோ, வியாபாரத்துக்கு நம் பெயரா?

"அட, சார்! வாங்க வாங்க!" கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நல்லா இருக்கீங்களா? சூப் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"சூப் இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

இவர் வாயெடுப்பதற்குள் சமையலறைத் திரை விலகியது. கடைக்காரரின் மனைவி, கையில் கரண்டியோடு, கலங்கிய முகத்தோடு நின்றார்.

"என்னங்க, சூப்புல உப்புப் போட்டேனா? போட்டேனா இல்லையான்னே தெரியலை. டப்பாவையும் காணோம்."

"நாமதான் உப்பே போடமாட்டோமேம்மா. நம்ம வழக்கம் அது. பாரு, புத்தகத்துலயே போட்டிருக்கு."

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி, கண்ணாடிமேல் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். மெல்ல முகம் தெளிந்தது.

"அதானே! நான் ஒரு பைத்தியம், என்னமோ பயந்துட்டேன்." சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

கடைக்காரர் ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"என்னமோ கேக்கணும்னீங்களே சார்?"

"அது வந்து..."

திரை மறுபடி விலகியது. அதே கரண்டி, அதே கலக்கம்.

"என்னங்க, சூப்புல உப்புப் போட்டேனா?"

"நாமதான் போடமாட்டோமேம்மா" என்றார் கடைக்காரர், முதல் தடவை சொல்வதைப் போலவே. "அங்க பாரு."

மறுபடி அந்த விரல், ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனது. வரி தவறியது. முதலிலிருந்து ஆரம்பித்தது.

அந்த விரல் கடைசி வரிக்குப் போய்ச் சேரும்வரை இவர் காத்திருந்தார். பிறகு கடைக்காரர் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"புதுப் பதிப்புல அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடச் சொல்லட்டுமா?"