ஜெயபாய் வீட்டு கார்னிவல்

"ஏளா ஜெயபாய்! மகன் செத்து முழுசா ஆறு மாசம் ஆவல. அதுக்குள்ள உன் வீட்டுல மேளமும் கூத்துமா? நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே!"

வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார் ஞானதீபம். அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்குத் தலைவர். அடுத்த வீட்டுத் துக்கத்தை அந்த வீட்டாரைவிட ஒழுங்காக அனுசரிக்கிறவர்.

ஜெயபாய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. கையிலிருந்த நோட்டீஸை விரித்துச் சத்தமாக வாசித்தார்.

"'பிரேசில் நாட்டு கார்னிவல் மேளமும் ஆட்டமும் இலவசமாகக் கற்றுத்தரப்படும். பெண்களுக்கு மட்டும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கடற்கரை வரை ஊர்வலம். பயிற்சி அளிப்பவர், லூசியா ஜாக்சன்.' செத்தவன் பேரையும் சேத்துல்லா போட்டிருக்கா! திரேஸ்புரம் வரைக்கும் சுவர் சுவரா ஒட்டிக் கெடக்கு."

லூசியா ஜெயபாயின் மருமகள். ஜாக்சன் கப்பலில் வேலை பார்த்தபோது பிரேசிலில் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண். வந்து நாலு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. போன ஆவணியில் கப்பலில் சரக்கு இறக்கும்போது கம்பி அறுந்து விழுந்து ஜாக்சன் போய்விட்டான். ஜெயபாய்க்கு அவன் ஒரே மகன்.

கொல்லையில் சத்தம் காதைப் பிளந்தது. மீனுக்கு ஐஸ் போடுகிற நீல டிரம்களைக் கவிழ்த்துப் போட்டு, தெருப் பெண்பிள்ளைகள் பதினைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று லூசியா கையால் தாளம் காட்டினாள்.

"கேக்கியா? திருவிழாவுக்குக்கூட இந்த அடி அடிக்கமாட்டான்."

"தவக்காலத்துக்கு முன்னால அவுக நாட்டுல இது உள்ளதுதானாம் அண்ணாச்சி. பொறவு நாப்பது நாளும் ஒரு சத்தம் இருக்காதாம்."

"அவ நாட்டுல உள்ளதை அங்கன போயி ஆடட்டும். புருசன் போனப்பவே அனுப்பியிருக்கணும். நான் பங்குச் சாமியார்ட்ட பேசுதேன். போறதுக்கு உள்ள செலவை நாங்க பாத்துக்கிடுதோம்."

ஜெயபாயின் முகம் வெளுத்துவிட்டது. மருமகளை எண்ணி வெட்கப்படுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்ல மாட்டே. நான் சொல்லுதேன். ஏளா லூசியா!"

மேளம் நின்றது. லூசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாவி, சன்னல், அலமாரி என்று தமிழில் கலந்து கிடக்கிற தன் ஊர்ப் போர்த்துகீசிய வார்த்தைகளாகவே முதலில் பொறுக்கிப் பிடித்துத் தமிழ் கற்றுக்கொண்டவள் அவள்.

"இந்தா பாரு. சாவு விழுந்த வீட்டுல வருசம் திரும்புத வரைக்கும் மேளச் சத்தம் கேக்கப்படாது. உன் மாமி மனசு என்ன பாடுபடும்னு நெனச்சிப் பாத்தியா?"

லூசியா மாமியாரைப் பார்த்தாள். ஜெயபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி மாமா, நிறுத்திடுதேன். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லுதேன்."

ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த ஞானதீபத்துக்கே சப்பென்று ஆகிவிட்டது. லூசியா கொல்லைக்குப் போனாள்.

"பாத்தியா? ஒரே வார்த்தை. இதை நீ மொதல்லயே சொல்லியிருந்தா..."

ஜெயபாய் சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த அறுபது வயதில் அவள் ஓர் அந்நிய ஆணின் கையைப் பிடித்ததே இல்லை.

"அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்களே போயி நிறுத்தாண்டாம்னு சொல்லிருங்க."

"என்ன உளறுதே?"

"கிறிஸ்மசுக்கு மறுநாளே பெட்டியைக் கட்டிட்டா. அவ அம்மை அங்க வரச்சொல்லிக் கூப்பிடுதா. இங்க அவளுக்கு ஆரு இருக்கா? நான் ஒருத்திதான். நானும் எந்நேரமும் அழுதுக்கிட்டே கெடந்தேன். போறேன்னு சொல்லுதவள என்ன சொல்லி நிறுத்த?"

"அதுக்கு இந்தக் கூத்து என்னத்துக்கு?"

"அந்த மேளம்னா அவளுக்கு உசுருன்னு ஜாக்சன் சொல்லுவான். இப்ப அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல அண்ணாச்சி. 'அவரு போயி வருசம் திரும்பலியே மாமி'ன்னு அழுதா."

ஞானதீபம் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதை அடிச்சி ஒட்டினது நான்தான். படிக்க வந்து நிக்குத பிள்ளைகளை விட்டுட்டுப் போகமாட்டா, அவ குணம் எனக்குத் தெரியும். தப்புதான் அண்ணாச்சி. மகனைக் கல்லறையில வச்சிட்டேன், மகளையாவது வீட்டுல வச்சுக்கிடுதேனே!"