கமாண்ட் கீ

"இன்னொரு தடவை அமுக்குங்க."

கணவன் கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தான். கச்சேரி கேட்க வந்தவன் மாதிரி தலை வேறு லேசாக ஆடியது. கடைக்காரர் அமுக்கினார்.

"ம்ஹூம். இது அமுங்கின சத்தம். வேற காட்டுங்க."

பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. சோபா வாங்கிய அன்றுகூடக் கடை வாசலிலேயே போனை நோண்டிக்கொண்டு நின்ற மனுஷன், தனக்காக ஒரு கீபோர்டுக்கு இப்படி மெனக்கெடுகிறாரே என்று நெகிழ்ந்து போயிருந்தாள்.

பல வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்பும் வேலை. கம்பெனி கொடுத்ததோ மேக் கம்ப்யூட்டர். விண்டோஸில் ஊறிய அவள் விரல்களுக்கு அது பிடிபடுவேனா என்றது.

வீட்டிலிருந்த பழைய கீபோர்டை அதில் செருகியதில் கீகள் இடம் மாறி, ஒன்றை அமுக்கினால் வேறொன்று நடந்தது. பாதி அடித்த குறிப்பு கண்ணெதிரே காணாமல் போனது. மாதக் கடைசிக்குள் வேகம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலதிகாரி அம்மாள் நாசூக்காகச் சொல்லிவிட்டாள். இந்த வேலை போனால் மறுபடி பழையபடி அடுப்படிதான்.

அவள் வேலையில் சேர்ந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கணவன்தான் இன்று தானாகவே, "கிளம்பு, மேக்குக்குன்னே இருக்கற கீபோர்டா ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாம்" என்றான். 'அவர் அவ்வளவு சீக்கிரம் மாறுற ஆளில்லடி' என்று போனில் சொல்லியிருந்த அக்காள் மேல் அவளுக்குக் கோபமே வந்தது.

"மேடம் எங்க குழம்புறாங்கன்னா," கடைக்காரர் ஒரு கீபோர்டைத் திருப்பி வைத்தார். "விண்டோஸ்ல மூலையில இருக்கற கன்ட்ரோல் கீ பண்ற வேலையெல்லாம் மேக்ல இந்தக் கமாண்ட் கீ பண்ணும். ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க. காப்பி, பேஸ்ட் எல்லாம் இதுதான். ஒரு விண்டோவைப் பின்னால தள்ளிட்டு இன்னொண்ணை முன்னால கொண்டுவரணுமா? இதோட டேப் கீயைச் சேத்து அமுக்கினாப் போதும்."

"வீட்டுல சத்தம் வராம இருக்கணுங்க" என்றாள் மனைவி.

"அப்ப ஒவ்வொரு கீக்கு அடியிலயும் சத்தமே போடாத ஸ்விட்ச்சா மாட்டித் தரேன்."

"அதையே மாட்டுங்க" என்றான் கணவன். "ஆனா கமாண்டுக்கு மட்டும், இருக்கறதுலயே நல்லா சத்தம் போடற ஸ்விட்ச்சா வேணும். முடியுமா?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இது கழட்டி மாட்டற மாடல்தான், முடியும். ஆனா ஒரு கீக்கு மட்டும் எதுக்கு சார்?"

"பழக்க தோஷத்துல இவ கை கன்ட்ரோலுக்கே போகுது. சத்தம் வந்தா சரியான கீ, வரலைன்னா தப்புன்னு இவளுக்கே தெரிஞ்சுடும்ல?"

"அட! இத்தனை நாளா கடை நடத்தறேன், எனக்கு இது தோணலையே சார்!"

மனைவி சிரித்துவிட்டாள். "நல்ல ஆளுங்க நீங்க. நான்தான் காதுல ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்திருப்பேனே, எனக்கு எங்க கேக்கப்போகுது?"

"விரலுக்குத் தெரியும், விடு."

"ரெண்டு பக்கமும் கமாண்ட் இருக்கு சார். இடது பக்கம் மட்டும் போதுமா?"

"ரெண்டுலயும் போடுங்க."

கடைக்காரர் சின்ன இடுக்கியால் ஸ்விட்ச்சுகளைப் பிடுங்கி, புதிதாக இரண்டை வைத்து அழுத்தினார். 'டக்!' பக்கத்தில் சார்ஜருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இது!" என்றான் கணவன்.

வீட்டுக்கு வந்து அவனே மேஜையைத் துடைத்து, அவனே வயரைச் செருகிக் கொடுத்தான். புதுக் கீபோர்டு நிஜமாகவே கைகொடுத்தது. சாயங்காலத்துக்குள் அன்றைக்கு வந்த குறிப்புகள் அத்தனையும் முடிந்துவிட்டன. 'இப்படியே போனால் கவலையில்லை' என்று மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்ததும், அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அதே கம்ப்யூட்டரில் அக்காளுக்கு எழுதத் தொடங்கினாள். 'நீ அவரைத் தப்பா நினைச்சுட்ட அக்கா. அவருக்கு என் மேல எவ்வளவு அக்கறைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கடையில அவர் எனக்காக...'

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. புருஷனைப் புகழ்ந்து எழுதுவதை அவரே பார்த்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கேலிதான். அவள் வெட்கத்தோடு சட்டென்று கமாண்டையும் டேப்பையும் சேர்த்து அமுக்கினாள். அக்காளுக்கு எழுதியது பின்னால் போய், ஆபீஸ் பக்கம் முன்னால் வந்தது.

'டக்!'

காலடி நின்றது. கதவு மெதுவாகத் திறந்தது. கணவன் சிரித்த முகத்தோடு வாசலில் நின்றான்.

"இப்ப எதை மறைச்ச?"