பத்துக்கு ஒரு புள்ளி

“கிளெமென்ற்தான்! அவனைத் தவிர வேற ஆரும் இந்தக் கேடுகெட்ட வேலை செய்யமாட்டினம்!”

கசங்கிய புள்ளித் தாளைக் கையில் பிடித்தபடி கன்ரீனை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தாள் வெள்ளவத்தை சுகிர்தா. “மெல்லப் போடி, எல்லாரும் பாக்கினம்” என்று பின்னால் ஓடினாள் அவளுடைய உயிர்ச் சிநேகிதி, கொட்டாஞ்சேனை மாக்ரெட்.

சுகிர்தாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் கலை விருதுக்கு ஒரு விசித்திர வழக்கம். போட்டிக்கு வந்தவர்களே மற்றவர்களின் ஆக்கங்களுக்கும் புள்ளி போடவேண்டும். பெயரை மறைத்துத்தான் கொடுப்பார்கள். எழுதினது யார், புள்ளி போட்டது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதற்பரிசுக் கதையை விழா மேடையில், பெற்றோர் நிறைந்த மண்டபத்தில் வாசிப்பார்கள். சுகிர்தா அதற்காகத்தான் தவம் கிடந்தாள். வேலை போனதை வீட்டில் மறைத்து, தினமும் சாப்பாட்டுப் பார்சலோடு புறப்பட்டு, புறக்கோட்டை பஸ் நிலையத்தில் பொழுதைக் கழிக்கும் ஒரு தகப்பனைப் பற்றி எழுதியிருந்தாள். இருவர் ஒன்பது, ஒன்பது என்று அள்ளிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் போட்டது பத்துக்கு ஒன்று; தாளின் அடியில் ஒரு குறிப்பு வேறு. பரிசு போயே போய்விட்டது.

கன்ரீனில், அதே போட்டிக்கு வந்திருந்த கிளெமென்ற் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். தாள் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“இது உன்ர வேலைதானே?”

“அம்மாவாண இல்லை! எனக்கு வந்தது ரெண்டு கவிதை. ரெண்டும் நிலாவைப் பற்றி. அதுகளை வாசிச்சு முடிச்சதுக்கே எனக்கு ஒரு அவோட் தரவேணும்.”

“அப்ப இதை ஆர் எழுதினது? கேள்: ‘அவர் பேப்பர் வாசித்துப் பொழுதைப் போக்கினார் என்பது பொய். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து கனகாலம்.’ நான் கற்பனை பண்ணின ஆளின்ர கண்ணாடியை உடைக்க இவர் ஆர்?”

கிளெமென்ற் சிரித்தான். “ஆரோ ஒரு விசர். நான் அவனில்லை, ஆளை விடு தாயே!”

அவன் சொன்னதில் பொய் தெரியவில்லை. சுகிர்தா அப்படியே வெளியே வந்து வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதுவரை அடக்கிவைத்த அழுகை வெடித்தது.

“பரிசு போனால் போகட்டும், மாக்ரெட். எங்களோட ஒண்டாயிருந்து சாப்பிட்ட ஆரோ கூட இருந்தே குழி பறிச்சிருக்கினம். அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு. உனக்கென்ன, பாட்டுக்குப் பரிசு கிடைச்சிட்டுது.”

“ஓம். நான் பாடுறதைக் கேக்க வீட்டில எல்லாரும் வருகினம்.”

“என்ர கதையையும் கேட்டிருப்பினமே! எல்லாத்தையும் கெடுத்துப்போட்டான் பாவி. ஆரெண்டு மட்டும் தெரியட்டும், அவன்ர முகத்திலேயே முழிக்கமாட்டன்.”

மாக்ரெட் தாளை வாங்கி, நான்காக மடித்து, தன் பைக்குள் வைத்தாள்.

“தேடாதை. நான்தான் போட்டனான்.”

சுகிர்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துள்ளி எழும்பினாள்.

“நீயா? அடி துரோகி! உன்னை நம்பி என்ர மனசில கிடந்த எல்லாத்தையும் உன்னட்டைக் கொட்டினனே!”

மாக்ரெட்டும் எழும்பினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“நானும்தான் கொட்டினனான், சுகிர்தா; எங்கட அப்பாவுக்கு வேலை போனது அம்மாவுக்கே இன்னும் தெரியாது.”